வன்னி மக்களின் வரலாறும் பண்பாட்டு மரபும்: வழிப்போக்கர் காணாத பக்கங்கள்

ஏ-9 வீதியில் வவுனியாவைக் கடந்து வடக்கே செல்லும் பேருந்துகள் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என ஒவ்வோர் ஊராகத் தாண்டி முறிகண்டியில் சற்று நின்று செல்கின்றன. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்போர் உடைக்கின்றனர். ஏனையோர் கச்சான் சரை வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறிக்கொள்கின்றனர். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே பயணம் செய்யும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வன்னியில் கால் வைக்கும் நேரம் பெரும்பாலும் இவ்வளவே. பிரதான வீதியிலிருந்து கிழக்கிலும் மேற்கிலும் காட்டுக்குள் பிரிந்து செல்லும் பாதைகள் எங்கே போகின்றன என்று கேட்போர் சிலரே.

வன்னியைப் பற்றி எழுதியோரும் அநேகமாக வழிப்போக்கர்களே. கண்டி இராச்சியத்திலே கைதியாக இருந்து 1679ஆம் ஆண்டு தப்பி அரிப்புக் கோட்டையை அடைந்த ரொபர்ட் நொக்ஸ், தமது நூலுடன் 1681இல் வெளியிட்ட வரைபடத்தில் இப்பகுதியைக் கைலாய வன்னியனின் நாடு எனக் குறித்தார். ஒல்லாந்தர் யானைக் கணக்கு எழுதினர். பிரித்தானிய நிர்வாகியான ஜே.பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்கள் பற்றி விரிவானதொரு கைநூலை வெளியிட்டார். பின்னர் வந்தோர் போரைப் பற்றி எழுதினர். இவற்றின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அங்கேயே பிறந்து, குளத்து நீரைக் குடித்து, காட்டு விலங்கோடு போராடி வாழ்ந்த மக்கள் தம்மைப் பற்றி என்ன சொல்லி வைத்தனர் என்பது இந்நூல்களின் ஓரங்களில்தான் தென்படுகின்றது. அந்த ஓரத்தைப் பற்றியே இங்கு பேச விழைகின்றோம்.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். வன்னி என்பது காட்டைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது என்பர் சிலர். வன்னி மரத்தோடு தொடர்புபடுத்துவர் வேறு சிலர். தமிழகத்து வன்னியர் சமூகத்தோடு உள்ள உறவு குறித்தும் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. இலங்கையைப் பொறுத்தவரை வன்னியன் என்பது முதன்மையாகக் குறுநிலத் தலைவன் ஒருவனின் பதவிப் பெயர். 1215இல் மாகனின் படையெடுப்பை அடுத்துப் பொலன்னறுவை அரசு நிலைகுலைந்தபோது வடக்கே யாழ்ப்பாணத்திலும் தெற்கேயும் புதிய அரசுகள் எழுந்தன. அவற்றுக்கு இடைப்பட்ட காட்டு நிலத்தில் எந்த அரசுக்கும் முழுமையாகப் பணியாத தலைவர்கள் ஆண்டனர். பாளி மொழியிலமைந்த சூளவம்சம் இவர்களைக் குறிப்பிடுகின்றது. தமிழில் வையாபாடல், யாழ்ப்பாண வைபவமாலை, கோணேசர் கல்வெட்டு ஆகியன குறிப்பிடுகின்றன. பேராசிரியர் சி. பத்மநாதன் வன்னியர் குறித்து விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வன்னியர் என்ற பதவி ஒரு மொழியாருக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை. நுவரகலாவியப் பகுதியின் சிங்களத் தலைவர்களும் வன்னியர் எனவே அழைக்கப்பட்டனர். மட்டக்களப்பிலோ பிரித்தானியர் காலத்திலும் அது நிர்வாகப் பதவிப் பெயராக நீடித்தது. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி ஆகிய பற்றுகளின் தலைவர்கள் யாழ்ப்பாண மன்னருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். செலுத்தாமல் காலங்கடத்துவதிலும் அவர்கள் வல்லவர்களாய் இருந்தனர் என்பது ஒல்லாந்தரின் ஓயாத முறைப்பாடுகளிலிருந்து தெரிகின்றது. பொறுமையிழந்த ஒல்லாந்தர் 1782இல் படை அனுப்பி வன்னியைத் தமது நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தனர். பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகளில் அவர்களும் ஆங்கிலேயரிடம் யாவற்றையும் இழந்தனர்.

யானை என்றதும் அது வெறும் திறைப்பொருள் என்று கடந்து போய்விடலாகாது. வன்னியின் பொருளியலும் இலக்கியமும் சமூக உறவுகளும் யானையைச் சுற்றியே ஒரு காலத்தில் சுழன்றன. காட்டில் பிடிக்கப்பட்ட யானைகள் வடக்கே நடத்திச் செல்லப்பட்டு ஆழங்குறைந்த கடனீரேரியைக் கடந்த இடமே ஆனையிறவு எனப் பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற யானை விற்பனைக்குக் கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் முஸ்லிம் வணிகர்கள் வந்தனர். ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேற்றப்பட்டு அவ்விலங்குகள் இந்திய அரசர்களின் படைகளில் சேர்ந்தன. யானை பிடிக்கும் தொழில்வல்லோர் பணிக்கர் எனப்பட்டனர். 19ஆம் நூற்றாண்டில் இலங்கை பற்றி எழுதிய எமர்சன் தெனன்ற், வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள சோனகக் கிராமங்களின் பணிக்கர்களே இக்கலையில் தலைசிறந்தோர் எனப் பதிந்துள்ளார். ஏறாவூர்ப் பணிக்கர்களின் புகழ் இன்றும் பேசப்படுவது.

அதே பணிக்கன் என்னும் பெயர் வன்னித் தமிழரின் நாட்டார் இலக்கியத்திலும் ஒலிக்கின்றது. வேலப்பணிக்கன் என்பவனின் மனைவி அரியாத்தை. மதங்கொண்ட யானையைப் பிடித்துக் கட்ட ஆடவர் எவரும் முன்வராதபோது அவள் முன்வந்தாள். அதனை அடக்கிக் கொண்டுவந்து கட்டினாள். அவளுக்குக் கிடைத்த புகழைப் பொறாதோர் வெற்றிலையில் நஞ்சிட்டுக் கொடுத்து அவளைக் கொன்றனர் என்பது கதை. இக்கதை ஒப்பாரியாகப் பாடப்பட்டும், வேழம்படுத்த வீராங்கனை என்ற பெயரில் கூத்தாக ஆடப்பட்டும் வந்துள்ளது. போர்வீரனையோ அரசனையோ அன்றி ஒரு குடும்பப் பெண்ணைத் தன் காவியத் தலைவியாக்கிக்கொண்ட சமூகம் அது. ஊராரின் பொறாமையே அவளைக் கொன்றது என்ற கசப்பான உண்மையையும் அச்சமூகம் மூடி மறைக்கவில்லை. எமது பாடநூல்களில் அரியாத்தைக்கு ஓரிடம் கிடைத்திருப்பின் நன்றாயிருக்கும்.

அவளுக்குக் கிடைக்காத இடம் பண்டாரவன்னியனுக்குக் கிடைத்தது. அதில் தவறில்லை. 1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய தலைவன் அவன். கண்டி அரசோடு ஆங்கிலேயர் போரிட்டுத் தோல்விகண்ட அதே ஆண்டில், கண்டியோடு தொடர்புகொண்டு எழுந்தவன். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிரிபேர்க் என்பவனால் அவன் தோற்கடிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நாட்டிய நினைவுக்கல் கூறியது. கல்லில் பொறிக்கப்பட்டது தோல்வியேயன்றி மரணமன்று. அவன் தப்பிச் சென்று மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தான் என்னும் மரபும் உண்டு. பின்னாளில் முல்லைமணி அவர்கள் எழுதிய நாடகமும் கலைஞர் மு. கருணாநிதியின் புதினமும் அவனைத் தமிழுலகெங்கும் கொண்டு சென்றன.

ஆனால் கதை வளர வளர வரலாறு குறுகிவிடுவதையும் காண்கின்றோம். பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்தவன் காக்கை வன்னியன் என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். யாழ்ப்பாண வைபவமாலையைப் புரட்டினால் காக்கை வன்னியன் என்ற பெயர் சங்கிலி மன்னனோடும் பறங்கியரோடும் தொடர்புடைய கதையில் இடம்பெறுவதைக் காணலாம். அது பண்டாரவன்னியனுக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் முற்பட்ட காலம். ஒரு துரோகி தேவைப்பட்டபோது வேறொரு கதையிலிருந்து அவனை இரவல் வாங்கிக்கொண்டோம் போலும். நாடகத்துக்கு அது பொருந்தும். வரலாறாக ஓதத் தொடங்கினால், தோல்வி ஒவ்வொன்றுக்கும் பக்கத்து வீட்டானைக் காரணங்காட்டும் பழக்கம் வேரூன்றிவிடும். அப்பழக்கத்தின் விலையை வன்னி மக்கள் நன்கறிவர்.

இத்தகைய குறுகல் எமக்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயின் நாட்டின் வடகரையில் அஸ்தூரியா என்றொரு மலைப்பிரதேசம் உண்டு. 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெலாயோ என்னும் தலைவன் கொவதொங்கா மலையடிவாரத்தில் முஸ்லிம் படையொன்றை வென்றான் என்பது அதன் புகழ்பெற்ற கதை. அந்தச் சிறு சண்டையை ஸ்பெயின் தேசத்தின் பிறப்பாகப் பின்வந்தோர் பெருப்பித்தனர். நாட்டிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் 1609 முதல் 1614 வரையான காலத்தில் இலட்சக்கணக்கில் வெளியேற்றப்பட்டபோது, தேசம் தன் தூய்மையை மீட்டுக்கொண்டதாகக் கொண்டாடியோரும் இருந்தனர். அஸ்தூரிய மக்களுடைய உயிருள்ள மரபோ வேறிடத்தில் இருந்தது. தூண்கள்மீது உயர்த்திக் கட்டிய தானியக் களஞ்சியங்களிலும், தோற்பை ஊதுகுழலின் இசையிலும், இன்றுவரை அரச மொழியாக ஏற்கப்படாத அவர்களது தாய்மொழியிலும் அது வாழ்ந்தது. வீரனின் சிலைக்குப் பின்னால் ஊராரின் வாழ்வு மறைந்துபோதல் எங்கும் நிகழ்வதே.

வன்னியின் உயிருள்ள மரபு எங்கே உள்ளது? குளத்தில் உள்ளது என்போம். ஊர்ப் பெயர்களே இதற்குச் சான்று. குளம், மடு, முறிப்பு, மோட்டை, ஆறு என்று நீரைச் சுட்டாத ஊர்ப்பெயர் அங்கே அரிது. வவுனிக்குளத்தைப் பழைய பெலிவாபி என அடையாளங்கண்டு அதன் ஆக்கத்தை எல்லாளனோடு இணைப்போரும் உளர். முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு ஆகியவையும் பழைமையானவை. இரணைமடு மட்டும் 20ஆம் நூற்றாண்டில் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்டது. இவற்றைவிடச் சிறியனவாய், பெயர் தெரியாதனவாய்க் காட்டுக்குள் கிடக்கும் குளங்கள் பலப்பல. குளக்கட்டைக் காப்பவர் ஐயனார். துருசைத் திறந்து மூடும் ஒழுங்கு ஊராருடையது. காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் எந்நாளில் நீர் திறப்பது, எவ்வளவு நிலம் விதைப்பது என்பதைக் கமக்காரர் கூடித் தீர்மானிப்பர். அத்தீர்மானம் குளத்தின் கீழ் வயல் செய்யும் எல்லோரையும் கட்டுப்படுத்தும். வயலுக்குரியவர் கோவிலுக்குச் செல்பவரா, பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ செல்பவரா என்பதை வாய்க்கால் நீர் கேட்பதில்லை.

முல்லைத்தீவு முஸ்லிம் கிராமங்களின் பெயர்களையும் நோக்குங்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி. ஊற்றும் ஆவியும் பிட்டியும் தூய தமிழ்ச் சொற்கள். முள்ளியவளையோடு ஒட்டிக் கிடக்கும் இவ்வூர்களில் இரு சமூகத்தாரும் அருகருகே குடியிருந்தனர். பூநகரிப் பக்கத்து நாச்சிக்குடாவில் கடற்றொழில் செய்தோரும், வவுனியாவின் சாளம்பைக்குளம், பட்டாணிச்சிப்புளியங்குளம் ஆகிய ஊர்களின் கமக்காரரும் இம்மண்ணின் மக்களே.

குளத்துக்கு அடுத்தது சூடுமிதிக்கும் களம். அங்கே வழங்கிய மொழியே தனியானது. நெல்லை நெல் என்று சொல்லலாகாது. பொலி என்றே சொல்ல வேண்டும். மாட்டுக்கும் சுளகுக்கும் கடகத்துக்கும் வைக்கோலுக்கும் களத்துக்கெனத் தனிப் பெயர்கள் இருந்தன. அன்றாடச் சொற்களைக் கேட்டால் பூதங்கள் வந்து விளைவைக் கவர்ந்துவிடும் என்பது அக்கால நம்பிக்கை. மேலே குறிப்பிட்ட லூயிஸ் இக்களத்து மொழியில் ஆர்வங்கொண்டு 1884இலேயே கட்டுரை எழுதினார். இயந்திரம் வந்தபின் களமும் இல்லை, அதன் மொழியும் இல்லை. இயந்திரம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. இரவிரவாக மாடு சாய்த்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். ஆனால் அச்சொற்களை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் சிலர் உள்ளனர் என்பதை மறக்கலாகாது. அரிவு வெட்டும்போது பாடிய சிந்தும், பயிரை அழிக்கும் பன்றியை விரட்டப் பாடிய பன்றிப்பள்ளும், குருவி கலைக்கும் பாட்டும் அத்தகையவையே. செ. மெற்றாஸ்மயில், முல்லைமணி, அருணா செல்லத்துரை முதலியோர் இவற்றிற் பலவற்றைத் தேடித் தொகுத்து அச்சேற்றினர். அவர்கள் அன்று செய்யாதிருந்தால் இன்று நாம் எழுதுவதற்கே எதுவும் எஞ்சியிராது.

சமய மரபில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் தலையாயது. மதுரையை எரித்த சீற்றத்தோடு புறப்பட்ட கண்ணகி ஈழத்தில் பல இடங்களில் தங்கிப் பத்தாவதாக அமர்ந்த இடம் இதுவென்பர். நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவியாக வந்து விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லையே என்று அவர்கள் கூற, கடல்நீரை விட்டு ஏற்றுங்கள் என்றாள். விளக்கு எரிந்தது. இன்றும் வைகாசி மாதத்தில் சிலாவத்தைத் தீர்த்தக்கரையிலிருந்து கடல்நீர் எடுத்துவரப்பட்டு முள்ளியவளை காட்டு விநாயகர் ஆலயத்தில் அந்நீரில் விளக்கேற்றப்படுகின்றது. அதன்பின் பொங்கல் வற்றாப்பளைக்குச் செல்கின்றது. அரசனும் இல்லாத, பேரரசும் இல்லாத இடத்தில் மாட்டுக்காரச் சிறுவர்களையே தெய்வம் முதலில் சந்தித்தது என்பதில் வன்னி மக்கள் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் வெளிப்படுகின்றது.

இனிச் சொல்ல வேண்டியவை கசப்பானவை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களின் தொகை எழுபதாயிரத்துக்கு மேற்பட்டது. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்கள், கையில் எடுத்துச் செல்லக்கூடிய சிறிதளவோடு புத்தளம் நோக்கிச் சென்றனர். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடைபெற்ற ஊடகச் சந்திப்பில் அன்ரன் பாலசிங்கம் அதனை அரசியல் தவறு என ஒப்புக்கொண்டார். தவறு என்ற ஒரு சொல் வீடுகளைத் திருப்பித் தரவில்லை. அதன் பின் 2009இல் வன்னித் தமிழரும் தம் ஊர்கள் அனைத்தையும் இழந்தனர். முள்ளிவாய்க்கால்வரை துரத்தப்பட்டு, எண்ணற்றோரைப் பறிகொடுத்து, எஞ்சியோரில் ஏறத்தாழ 2,80,000 பேர் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். ஏட்டுச் சுவடிகள், கூத்துக் கொப்பிகள், திருமணப் பதிவுகள், பள்ளிவாசல் குறிப்பேடுகள், குடும்பப் படங்கள் ஆகியவை இவ்விரு இடப்பெயர்வுகளுக்கும் நடுவே அழிந்தன. எவை அழிந்தன என்ற பட்டியலே எம்மிடம் இல்லை.

இரு துயரங்களையும் தராசில் வைத்து நிறுப்பது எமது நோக்கமன்று. எனினும் ஒன்றைக் கூறாதிருக்க இயலாது. தமிழர் தரப்பில் வன்னியின் வரலாறு எழுதப்படும்போது முஸ்லிம்கள் அதில் ஒரு வரியாக, பெரும்பாலும் 1990 என்ற ஆண்டோடு மட்டுமே தோன்றுகின்றனர். அதற்கு முந்திய அவர்களுடைய வாழ்வு எழுதப்படவில்லை. முஸ்லிம்கள் தரப்பில் வெளியேற்றம் பற்றி ஏராளம் எழுதப்பட்டுள்ளது. வெளியேற்றப்படுமுன் அவர்கள் வன்னியில் எவ்வாறு வாழ்ந்தனர், எந்தக் குளத்தின் கீழ் வயல் செய்தனர், யார் வீட்டுத் திருமணத்துக்குச் சென்றனர் என்பவை போதியளவு எழுதப்படவில்லை. மீள்குடியேற்றத்துக்குக் காணி கேட்டபோது எழுந்த கசப்புகளுக்கு அரசியல் காரணங்கள் பல இருந்தன. அவர்கள் முன்பு எங்கிருந்தார்கள் என்பதையே அறியாத தலைமுறையொன்று இரு பக்கத்திலும் வளர்ந்துவிட்டதும் ஒரு காரணமாகும்.

இவ்விடத்தில் மலையகத் தமிழரையும் குறிப்பிட வேண்டும். 1958இலும் 1977இலும் இனவன்முறைகளால் துரத்தப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறியவர்கள் அவர்கள். கிளிநொச்சி 1984இல் தனி மாவட்டமானபோது அதன் மக்களில் கணிசமானோர் அவர்களாகவே இருந்தனர். வன்னியின் வரலாற்றைப் பனங்காமத்தோடு நிறுத்திவிடுவோர்க்கு இவர்கள் இன்னும் வந்தேறிகளே. வன்னிக்கு எவரும் ஒரு காலத்தில் வந்தவரே என்பதை வையாபாடலே சொல்கின்றதல்லவா?

மறுபுறம் அரச நிறுவனங்கள் வன்னியின் தொல்பொருளில் காட்டும் ஆர்வம் வேறுவகையானது. தண்ணிமுறிப்பை அடுத்த குருந்தூர்மலையில் பழைய பௌத்த கட்டட எச்சங்கள் உள்ளன என்பதை எவரும் மறுக்கவில்லை. தமிழரிடையேயும் பௌத்தம் வாழ்ந்த காலம் உண்டு. அங்கே ஐயனாரை வழிபட்டு வந்த ஊராரின் உரிமை மறுக்கப்படுவதும், நீதிமன்றக் கட்டளையையும் மீறிக் கட்டுமானம் தொடர்ந்ததாக முறைப்பாடு எழுந்ததுமே பிணக்காயிற்று. 2024 மார்ச்சில் சிவராத்திரி நாளன்று வவுனியா வடக்கு வெடுக்குநாறிமலையில் வழிபடச் சென்றோரில் எட்டுப்பேர் கைது செய்யப்பட்டனர். நிலத்தடியில் ஈராயிரம் ஆண்டுக்கு முன் புதைந்ததைத் தேடுவோர் நிலத்தின்மேல் இன்று வாழ்வோரின் மரபைக் காணாமல் விடுவது விந்தையே.

அரசின் போக்கை மாற்றுவது எம் கையில் இல்லை. எம் கையில் உள்ளதையேனும் செய்கின்றோமா? 2021 ஓகஸ்டில் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இயங்குகின்றன. நூலகம் நிறுவனம் 2005 முதல் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவிற் பேணி வருகின்றது. ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் உள்ளது. களத்து மொழி அறிந்த கமக்காரரையும், கோவலன் கூத்தின் மெட்டு மறவாத அண்ணாவிமாரையும், நீராவிப்பிட்டியிலிருந்து சென்று புத்தளத்தில் மூப்படைந்துள்ள உம்மாமாரையும் தேடிச்சென்று பேசவைக்கப் பெரும் நிதி தேவையில்லை. மாணவர் பத்துப்பேரும் ஒரு விடுமுறைக் காலமும் போதும். அப்பத்துப்பேரில் தமிழ் மாணவர் புத்தளத்துக்கும் முஸ்லிம் மாணவர் முள்ளியவளைக்கும் செல்வது நன்று. தம்மவரிடம் சொல்லாத பலவற்றை முதியோர் பழைய அயலவர் வீட்டுப் பிள்ளையிடம் சொல்வார்கள்.

எழுபது வயதானவரிடம் முதலிற் கேட்க வேண்டிய கேள்வியும் எளியதே. உங்கள் வயலுக்கு எந்தக் குளத்துத் தண்ணீர் வந்தது, பக்கத்து வரம்பு யாருடையது?